தாகமெடுக்காத இனிப்பு

பழமலைநாதன் என்ற முழுப்பெயர் பள்ளிச் சான்றிதழிலும் ரேஷன் கார்டிலும் மட்டும்தான் இருந்தது. விருத்தாசலத்தில் பீங்கான் கம்பெனிகள் இருக்கும் பக்கம் அவனை எல்லோருக்கும் பழமலை என்றுதான் தெரியும். சின்னக் கம்பெனி ஒன்றில் அவனுக்குச் சூளை வேலை. பச்சை மண்ணாக வரும் பியூஸ் கட்டைகளையும் இன்சுலேட்டர்களையும் உள்ளே அடுக்கி, சூடேற்றி, பதமாக ஆறவிட்டு, விரிசல் விழாமல் இறக்கித் தரவேண்டும். அதிகம் பேசமாட்டான். வேலை முடிந்தால் நேராக வீடு.

அவன் மனைவி இளமதிக்குச் சரக்கு ரயிலில் கார்டு வேலை. கல்யாணமாகி, மகள் தமிழினி பிறந்து, அவள் தத்தித் தத்தி நடக்கத் தொடங்கிய பிறகுதான் இளமதி ரயில்வே தேர்வு எழுதினாள். அன்று சென்னையில் தேர்வு நடந்த கட்டடத்துக்கு வெளியே, பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு மர நிழலுக்கு மர நிழல் மாறி மாறி நின்றிருந்தவன் பழமலைதான். வேலை கிடைத்த செய்தி வந்தபோது திட்டக்குடியிலிருந்த அவன் பெரியப்பா மகன்கள், பொம்பளைப் புள்ளையை ராத்திரியில் ரயிலோடு அனுப்பப் போகிறாயா என்று கேட்டார்கள். அவள் போகிறாள், நான் ஏன் அனுப்பவேண்டும் என்று மட்டும் சொல்லிவிட்டு அவன் வந்துவிட்டான்.

வேலை அவளுக்குப் பிடித்திருந்தது. நீளமான சரக்கு வண்டியின் வாலில் சின்னதாக ஒரு பெட்டி இருக்கும். அதில் அவள் ஒருத்தி மட்டும். கையில் கொடி, வாக்கி டாக்கி, ஒரு பை. அரியலூர்ப் பக்கத்து சிமெண்ட், உர மூட்டை, நெல், நிலக்கரி எது ஏறினாலும் அதன் பின்னால் அவள் போவாள். ஆனால் எப்போது கிளம்புவாள், எப்போது திரும்புவாள் என்பது மட்டும் யாருக்கும் தெரியாது. போன் வந்தால் குளித்து, உடுத்தி, ஓடவேண்டும். வழியில் பயணிகள் வண்டிக்கு வழிவிட்டுச் சரக்கு வண்டி ஏதோ ஒரு சின்ன ஸ்டேஷனில் மணிக்கணக்கில் ஒதுங்கி நிற்கும். கட்டிக்கொண்டு போன சோறு வெயிலில் ஊசிப்போகும். அதனால் ஸ்டேஷன் கடையில் கிடைக்கிற கிரீம் பன்னும் பிஸ்கட்டும் கேக்கும்தான் அவள் பையில் நிரந்தரமாக இருந்தன.

ஒரு நாள் வீட்டு வாசற்படியிலேயே கண் இருட்டி உட்கார்ந்துவிட்டாள். டாக்டர் பரிசோதித்துவிட்டு, ரத்தம் ரொம்பக் குறைந்திருக்கிறது என்றார். மாத்திரை எழுதிக் கொடுத்தார். பன்னையும் பிஸ்கட்டையும் விடச் சொன்னார். இனிப்பு வேண்டுமென்றால் எள், மல்லாட்டை என்கிற வேர்க்கடலை, கேழ்வரகு, வெல்லம் இவற்றில் வீட்டிலேயே செய்து சாப்பிடுங்கள் என்றார்.

திரும்பி வரும் வழியில் பைக்கின் பின்னாலிருந்து இளமதி சொன்னாள், "செய்யிறதுக்கு எங்கங்க நேரம் இருக்குது."

 அன்று சாயங்காலம் பழமலை கடைக்குப் போய் மல்லாட்டைப் பயிறும் வெல்லமும் வாங்கி வந்தான்.

அதுவரை அவனுக்குத் தெரிந்த சமையல் டீயும் ரசமும்தான். கைப்பேசியில் ஒரு அம்மாள் செய்து காட்டியதைப் பார்த்து மல்லாட்டையை வறுத்தான், தோலைத் தேய்த்து ஊதினான், வெல்லத்தைப் பாகு காய்ச்சினான். பாகு பதம் எப்போது வரும் என்று காத்திருந்ததில் அது பதத்தைத் தாண்டிப் போயிற்று. உருட்டும்போதே உள்ளங்கை பொரிந்தது. மறுநாள் கம்பெனிக்கு நான்கு உருண்டை எடுத்துப் போனான். அங்கே பொருள்களின் பிசிறு சீவி ஈரத் துணியால் துடைக்கிற ராஜாம்பாள் ஒன்றை வாயில் போட்டுக் கடிக்க முடியாமல் கையில் எடுத்துக்கொண்டாள்.

"தம்பி, இத சூளையில வச்சா எடுத்த?" என்றாள் நிதானமாக.

அடுத்த முறை பாகு இளகலாகி உருண்டைகள் டப்பாவுக்குள் ஒன்றாகச் சேர்ந்து அடையாகிவிட்டன. அதற்கடுத்த முறை எள் கருகிவிட்டது. பிறகு அவன் பாகை விட்டுவிட்டான். கொட்டை நீக்கிய பேரீச்சம்பழத்தை அரைத்து, அதில் வறுத்த எள்ளும் மல்லாட்டைப் பொடியும் வாசம் வரும்வரை வறுத்த கேழ்வரகு மாவும் போட்டுப் பிசைந்தான். துளி வெல்லமும் சுக்குத்தூளும் சேர்த்தான். அது சொன்னபடி கேட்டது. நெல்லிக்காய் அளவில் உருட்டினான். ஒரு கையால் எடுத்து ஒரே வாயில் போட்டுக்கொள்ளலாம், மறு கை கொடிக்கு. வாரம் ஒருமுறை செய்தால் போதும், கெடாது. போன் வந்ததும் டப்பாவை எடுத்துப் பையில் போட வேண்டியதுதான் பாக்கி.

முதல் நாள் எடுத்துப் போய்த் திரும்பியதும் இளமதி, "நல்லா இருந்துச்சிங்க" என்றாள். டப்பா காலி. அடுத்த முறையும் காலி. அதற்கடுத்த முறையும். பழமலைக்கு உள்ளுக்குள் சந்தோஷம் பொங்கியது. வெளியே காட்டிக்கொள்ளாமல் அளவைக் கூட்டினான். முந்திரி உடைத்துப் போட்டுப் பார்த்தான், ஏலம் தட்டிப் போட்டான். தமிழினியும் பள்ளிக்கூடத்துக்கு அதையே கேட்டாள். கம்பெனியில் டீ நேரத்தில் ராஜாம்பாள் தானாகக் கை நீட்ட ஆரம்பித்தாள். ஆனால் இளமதியின் முகத்தில் மட்டும் வெளிறல் அப்படியே இருந்தது. மருந்து வேலை செய்ய நாளாகும் என்று அவன் சமாதானப்படுத்திக்கொண்டான்.

விருத்தாசலம் பாலக்கரையில் ஒரு பழக்கடை முன்னால் அன்பரசனைச் சந்தித்தபோதுதான் விஷயம் தெரிந்தது. அன்பரசன் சரக்கு ரயில் ஓட்டுகிறவர். இளமதியோடு பெரும்பாலும் அவருக்கே வண்டி விழும். மனைவியை ஸ்டேஷனில் கொண்டுபோய் விடும்போது பழமலை அவரை இரண்டொரு முறை தூரத்தில் பார்த்திருக்கிறான். அவர்தான் வலிய வந்து கையைப் பிடித்துக்கொண்டார். மேடம் தருகிற உருண்டையைத் தன் பிள்ளைகள் சண்டை போட்டுக்கொண்டு தின்பதாகவும், கடை மிட்டாய் வாங்குவதையே நிறுத்திவிட்டதாகவும் சொன்னார்.

"ஒரு நாளு கூட மேடம் மறந்ததில்ல சார். டூட்டி முடிஞ்சி எறங்குனதும் டப்பாவ அப்புடியே எங்கிட்ட கவுத்துடுவாங்க."

பழமலை சிரித்து வைத்தான். இரண்டு சீப்பு வாழைப்பழம் வாங்க வந்தவன் ஒன்றுமே வாங்காமல் வீட்டுக்குப் போனான். அந்த வாரம் எள் வறுக்கவில்லை.

இளமதி மறுநாள் பகலில் வந்தாள். தமிழினி பள்ளிக்கூடம் போயிருந்தாள். பழமலைக்குச் சூளை ஆறுகிற நாள், அதனால் வீட்டில் இருந்தான். அவள் குளித்து வந்து அலமாரியைத் திறந்தாள். டப்பா கழுவிக் கவிழ்த்தபடியே இருந்தது.

"இந்த வாட்டி செய்யிலீங்களா?"

"அன்பரசன் சாருக்கு வேணும்னா சொல்லு, செஞ்சி தரேன்."

சொல்லி முடித்ததும் அவனுக்கே அது சுருக்கென்று இருந்தது. இளமதி அலமாரிக் கதவை மெதுவாகச் சாத்தினாள். ஈரத் தலையோடு அவனுக்கு எதிரே தரையில் உட்கார்ந்தாள்.

"புடிக்கலன்னா சொல்லியிருக்கலாம்ல" என்றான்.

"புடிக்காம இல்லீங்க. மொத நாளு ரெண்டு தின்னன். தின்ன கையோட தண்ணி தவிச்சிது." சற்று நிறுத்தினாள். "தண்ணி குடிச்சா எறங்கணும். அந்தப் பொட்டியில அதுக்கெல்லாம் வசதி கெடையாது. எங்க எறங்குறது? ரெண்டு பக்கமும் ஜல்லி, முள்ளுக்காடு. வண்டி எப்ப எடுப்பாங்கன்னும் தெரியாது."

"அப்ப தண்ணியே குடிக்கிறதில்லியா?"

"வாய நனைச்சிக்குவன்."

அவன் அவளையே பார்த்தான். பிஸ்கட்டும் அதனால்தான் ஒன்றுக்கு மேல் தின்பதில்லை என்றாள். வாங்கி வைத்திருப்பதெல்லாம் சும்மா. கொஞ்ச நாளாக நீர்க்கடுப்பு இருக்கிறது, அதையும் டாக்டரிடம் சொல்லவில்லை, அவர் ஆம்பளை டாக்டர் என்றாள்.

"எங்கிட்டயாவது சொல்லியிருக்கலாம் மதி."

"நீங்க கையெல்லாம் சுட்டுக்கிட்டு உருட்டுனத பாத்தன். அதுக்கப்புறம் எப்புடி சொல்றது?"

 பழமலை எழுந்துபோய்ச் சொம்பு நிறையத் தண்ணீர் கொண்டுவந்து அவள் முன்னால் வைத்தான். அவள் குடித்து முடிக்கும்வரை பக்கத்திலேயே நின்றான். சாயங்காலம் ஒரு பெண் டாக்டரிடம் கூட்டிப் போனான். அந்த அம்மாள் மருந்து கொடுத்தார், கோபித்தும் கொண்டார். ரத்தம் ஊறுவதற்கு நல்ல சாப்பாடு எப்படியோ அப்படித்தான் உடம்புக்குத் தண்ணீரும், அதை நிறுத்திவிட்டு எதைத் தின்றும் பயனில்லை என்றார்.

இரண்டு நாள் கழித்துப் பழமலை ஒரு காரியம் செய்தான். காலையில் டீ குடித்ததோடு சரி. கம்பெனிக்குப் போய்ச் சூளையைப் பற்றவைத்துவிட்டு, தமிழினியின் டப்பாவில் மீந்திருந்த பழைய உருண்டைகளில் மூன்றைத் தின்றான். தண்ணீர் குடிக்கவில்லை. அவள் எப்படி இருக்கிறாள் என்று தெரிந்துகொள்ள அவனுக்கு வேறு வழி தோன்றவில்லை. கொஞ்ச நேரத்தில் எள்ளும் மாவும் அண்ணத்தில் ஒட்டிக்கொண்டன. சூளை வெக்கையில் நாக்கு தடித்துப் போயிற்று. மத்தியானத்துக்குள் தலை விண்விண் என்று தெறித்தது. தண்ணீர்ப் பானை இருந்த பக்கமே கண் போயிற்று. இந்த வெயிலில் ஆட்டம் போடுகிற இரும்புப் பெட்டிக்குள், இரண்டு உருண்டையை வாயில் போட்டுவிட்டு அவள் வாயை நனைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்ததை நினைத்தான். அந்த இரண்டையும் அவனுக்காகத்தான் தின்றிருக்கிறாள்.

ராஜாம்பாள் அவன் முகத்தைப் பார்த்து என்ன விரதமா என்று கேட்டாள். அவன் தயங்கித் தயங்கிச் சொன்னான். அவள் கையிலிருந்த பியூஸ் கட்டையைத் துடைத்தபடியே கேட்டுக்கொண்டாள். ஆச்சரியப்படவில்லை.

"இதுல என்னா புதுசு தம்பி. நாங்கல்லாம் இங்க வந்த நாள்லயிருந்து தண்ணிய அளந்துதான் குடிக்கிறம்."

கம்பெனியில் பின்பக்கம் கழிப்பறை ஒன்று உண்டு. உடைந்த அச்சுகளைப் போட்டு வைக்கிற இடமாக அது மாறிப் பல காலம் ஆகியிருந்தது. ஆண்கள் வேலியோரம் ஒதுங்கினார்கள். பெண்கள் என்ன செய்தார்கள் என்று பழமலை ஒரு நாளும் யோசித்ததில்லை. பக்கத்தில் நின்று இத்தனை வருஷம் டீ குடித்திருக்கிறான். அவர்கள் அரை டம்ளர்தான் குடிப்பார்கள் என்பதைப் பார்த்திருக்கிறான். டீ பிடிக்காது போலிருக்கிறது என்று நினைத்திருக்கிறான்.

முதலாளி மாணிக்கவேலிடம் போய்ச் சொன்னான். அவர் நல்ல மனிதர்தான், ஆனால் எதையும் ஆகட்டும் ஆகட்டும் என்று தள்ளிப்போடுகிறவர். ஆளில்லையே என்றார். ஞாயிற்றுக்கிழமை பழமலையே போனான். கூட அச்சு ஊற்றுகிற தங்கதுரையும் வந்தான். உடைந்த அச்சுகளை வாரி வெளியே கொட்டினார்கள். கழுவி, குழாய் மாற்றி, கதவுக்குத் தாழ்ப்பாள் போட்டார்கள். சுவரில் பதிக்க அங்கே கிடந்த பீங்கான் ஓடுகளே போதுமானதாக இருந்தன. திங்கட்கிழமை ராஜாம்பாள் உள்ளே போய் வந்தாள்.  அன்று டீக்கு முன்னால் பானையிலிருந்து ஒரு டம்ளர் தண்ணீர் மொண்டு முழுதாகக் குடித்தாள்.

ரயில் பெட்டியில் அவனால் அப்படிச் செய்ய முடியாது. செய்ய முடிந்தது அடுப்பில்தான் இருந்தது. தாகமெடுக்காத இனிப்பு என்ன என்று யோசித்தான். வறுத்தது எல்லாம் வாயிலிருக்கும் ஈரத்தை உறிஞ்சும். அப்படியானால் ஈரத்தைத் தன்னோடு கொண்டுவருகிற பண்டம் வேண்டும். ஆவியில் வெந்தது வேண்டும். கொழுக்கட்டை என்று முடிவு செய்தான். தேங்காய்ப் பூரணம் வெயிலில் சாயங்காலத்துக்குள் புளித்துவிடும், அது வேண்டாம். சர்க்கரைவள்ளிக் கிழங்கை வேகவைத்து மசித்தான். கிழங்கே இனிப்பு என்பதால் வெல்லம் பேருக்குத்தான் போட்டான். ஒன்றிரண்டாக இடித்த எள் கொஞ்சம். மேல் மாவுக்குக் கேழ்வரகும் பச்சரிசியும் பாதிப் பாதி.

தமிழினி பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு பிடி பிடியாகப் பிடித்துக் கொடுத்தாள். அவள் பிடித்தவை எல்லாம் எலிக்குஞ்சு போல இருந்தன. அவற்றையும் சேர்த்தே அவித்தான்.

வண்டி ஆட்டத்தில் கொழுக்கட்டைகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டன என்று இளமதி முதல் நாள் சொன்னாள். கம்பெனி வாசலில் ஒரு பூவரச மரம் நிற்கிறது. அதன் இலைகளைப் பறித்துக் கழுவி, ஒவ்வொரு கொழுக்கட்டையையும் இலையில் மடித்து அவித்தான். ஒட்டவும் இல்லை, காயவும் இல்லை. இலை வாசம் வேறு சேர்ந்துகொண்டது. இரண்டு நாளைக்குத் தாங்காது. அதனால் அவள் கிளம்புகிற நேரத்துக்குத் தகுந்தாற்போல் புதிதாக அவிக்க வேண்டியிருந்தது. கிழங்கை முன்னாலேயே மசித்துப் பிரிட்ஜில் வைத்துக்கொண்டான். மாவையும் வறுத்து வைத்துக்கொண்டான். போன் வந்ததும் அவள் குளிக்கப் போவாள், அவன் அடுப்பைப் பற்றவைப்பான். அவள் தலை பின்னி முடிப்பதற்குள் டப்பா நிறைந்துவிடும். அவன் கம்பெனியில் இருக்கும்போது போன் வந்தால் அவளே அவித்துக்கொண்டு போனாள்.

இந்தமுறை அவள் பொய் சொல்லவில்லை. மூன்று தின்றேன், ஒன்றை அன்பரசனுக்குக் கொடுத்தேன் என்று கணக்காகச் சொன்னாள். ஆனால் தண்ணீர் விஷயம் அப்படியேதான் இருந்தது. தான் போய் அன்பரசனிடம் பேசட்டுமா என்று பழமலை கேட்டான். இளமதி வேண்டாம் என்று தலையாட்டினாள்.

"நானே சொல்றங்க. எனக்காவ நீங்க போயி சொன்னா, அப்புறம் ஒவ்வொரு தடவையும் நீங்கதான் வந்து சொல்லணும்."

சொல்வதற்கு அவளுக்குச் சில நாள் ஆயிற்று. வாக்கி டாக்கியில் பேசினால் அந்த ஸ்டேஷனில் இருப்பவர்களும் கேட்பார்கள்.  சேலம் பாதையில் ஒரு மத்தியானம் வண்டி ஒதுங்கி நின்றபோது கொழுக்கட்டையைத் தின்றாள், பாட்டிலைத் திறந்து கால்வாசி குடித்தாள். குடித்துவிட்டதால் இனிமேல் பேசித்தான் ஆகவேண்டும். பொத்தானை அழுத்தி, நான் இறங்கி ஸ்டேஷன் பாத்ரூம் வரைக்கும் போய் வருகிறேன், ஸ்டேஷன் மாஸ்டரிடம் கேட்டுச் சொல்லுங்கள் என்று சாதாரணமாகச் சொன்னாள்.  கொஞ்ச நேரம் கரகரவென்ற சத்தம். பிறகு அன்பரசன் குரல் வந்தது.

"போயிட்டு வாங்க மேடம். மாஸ்டர்கிட்ட கேட்டுட்டன். நீங்க ஏறி சொன்னதும் எடுக்கலாம்."

அவ்வளவுதான். யாரும் சிரிக்கவில்லை. ஜல்லி மேல் வண்டியின் நீளத்தில் ஒரு பகுதியை நடந்து கடந்து, போய்த் திரும்பி ஏறியபோது அழுகை வந்ததாம், ஏன் என்று தெரியவில்லை என்று வீட்டுக்கு வந்து சொன்னாள். பழமலை கேட்டுக்கொண்டே அவள் காலைப் பிடித்துவிட்டான்.

அதற்குப் பிறகு அன்பரசன் வண்டி நிற்கும்போதெல்லாம் தானாகவே கேட்கத் தொடங்கினார். எல்லா டிரைவர்களும் அவரைப் போல் இல்லை. ஒருவர் முணுமுணுத்தார். இளமதி மறுபடியும் சொன்னாள். அவரும் பழகிக்கொண்டார். புதிதாக வருகிற பெட்டிகள் சிலவற்றில் கழிப்பறை இருக்கிறது. அப்படி ஒன்று வாய்த்துவிட்டால் அன்று கிளம்பும்போதே போன் செய்து சொல்வாள். நிற்காமல் ஓடுகிற நாள்களும் உண்டு. அந்த நாள்களில் இன்றைக்கும் அவள் தண்ணீரைக் குறைத்துக்கொள்கிறாள். அது முழுதாகத் தீர்ந்துவிடவில்லை.

ஆனால் அடுத்தடுத்த பரிசோதனைகளில் ரத்தம் ஏறியிருந்தது. கன்னத்தில் நிறம் திரும்பியது. வேலைக்குப் புதிதாக வந்த பாரதி என்ற பெண்ணிடம் இளமதிதான் முதல் நாளே தண்ணீர் விஷயத்தைப் பேசினாளாம். வாக்கி டாக்கியில் எப்படிச் சொல்வது என்று சொல்லிக் கொடுத்ததோடு, ஒரு கொழுக்கட்டையையும் கையில் வைத்தாளாம்.

பழமலை இப்போது பலாப்பழக் காலத்தில் பலாச்சுளையை அரைத்துப் பூரணத்தில் சேர்த்துப் பார்க்கிறான். அது இலைக்கு வெளியே ஒழுகிவிடுகிறது. வரகு மாவில் ஒருமுறை செய்தது உதிர்ந்து போயிற்று. கம்பு நன்றாக வந்தது. தமிழினியின் கைக்கு இப்போது எலிக்குஞ்சு வருவதில்லை, கொழுக்கட்டையே வருகிறது. அதில் அவளுக்குச் சற்று வருத்தம்.

போன மாசி மகத்தன்று அதிசயமாக இளமதிக்கு ஓய்வு கிடைத்தது. திருவிழாக் கூட்டத்தில் மூன்று பேரும் சுற்றிவிட்டு வெயிலோடு வீட்டுக்கு வந்தார்கள். பழமலை கைகழுவிக்கொண்டு கிழங்கை எடுக்கப் போனான். இளமதி மின்விசிறிக்குக் கீழே காலை நீட்டி உட்கார்ந்திருந்தாள்.

"என்னங்க" என்றாள்.

"ம்."

"கோச்சிக்கக் கூடாது."

"சொல்லு."

"இன்னக்கி ஒரு நாளு கடையில ஜாங்கிரி வாங்கிட்டு வாங்களேன். நல்லா ஜீரா சொட்டச் சொட்ட."

பழமலை கையிலிருந்த கிழங்கையும் அவளையும் பார்த்தான். தமிழினி அதற்குள் செருப்பு மாட்டிக்கொண்டு வாசலுக்கு ஓடியிருந்தாள். அவன் கிழங்கைத் திரும்பக் கூடையில் போட்டுவிட்டு வண்டிச் சாவியை எடுத்தான். எத்தனை வேண்டும் என்று கேட்டான்.

"நாலு" என்றாள். பிறகு, "உங்களுக்கும் வேணும்னா ஆறு" என்றாள்.